என் போனில் அவள் இரண்டாக வருவாள்

முதலில் ஒரு பெண்.
அப்புறம், சற்றுத் தள்ளி, ஒரு மைக்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு ஆள் ஒடுங்கி உட்காரும் அளவு இடம்.

ஷமீமின் போனில் அவள் ஒருத்தியே.
கன்னத்தில் மின்னல் தீட்டி
ஊதா முடியை ஒரு பக்கம் சாய்த்து
மைக்கை வாயருகே பிடித்திருக்கிறாள்.
பாடகியாம்.

பாடி மேம்பாலத்தடியில் போன் கடைப் பையன்
கண்ணில் மாட்டிய லென்ஸை நெற்றிக்குத் தள்ளிச் சொன்னான்:
"ரெண்டு பொம்மைக்கும் நடுவுல
கண்ணுக்குத் தெரியாத ஒட்டு ஒண்ணு இருக்குக்கா.
உங்க செட்டு பழசு. அதுக்கு அந்த ஒட்டு புரியாது."
புதுசு பதினோராயிரம் என்றான்.
உயிர் ஒரு பக்கம் மெய் ஒரு பக்கமாகவே
இருந்துவிட்டுப் போகட்டும் என்று
பஸ் ஏறிவிட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், எங்கள் தையல் லைனில்,
அவளுக்கு அர்த்தம் வேறு.
காலையில் குரூப்பில் அவள் வந்தால்
சூப்பர்வைசர் தங்கதுரை கேட்டைத் தாண்டிவிட்டார்.
ஒருத்தி என்றால் சாதாரணப் பாட்டு.
மூன்று பேர் வரிசையாக வந்தால்
டார்கெட் போச்சு, இன்றைக்குக் கச்சேரி.
காலர் கோணல் என்று வாங்கியிருக்கிறேன்,
பாத்ரூமில் ஆறு நிமிஷம் என்று வாங்கியிருக்கிறேன்,
சும்மாவும் வாங்கியிருக்கிறேன்.
அவர் பாட்டு. எங்கள் பாடு.

மாடி வீட்டுக் கற்பகவல்லிக்கோ
அந்த மைக் கோன் ஐஸ்.
மகன் பிறந்தநாளுக்கு வாங்க என்று
நாலு பேரை அனுப்பியிருந்தாள்.
ஞாயிற்றுக்கிழமையுமா என்று
சோற்றுக் கையோடு திடுக்கிட்டுப் போனேன்.

பிலோமினா மட்டும் அவளை எதற்கும் அனுப்பமாட்டாள்.
காஜா மெஷின் அவளுடையது.
எட்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறாள்.
அவள் பேசினால் நாங்கள்
உதட்டைத்தான் படிப்போம்.

ஆயுத பூஜை.
மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம்.
கட்டிங் டேபிள் மேல் வாடகை ஸ்பீக்கர்.
"லேடீஸ் யாராவது ஒரு பாட்டு பாடுங்கம்மா" என்றார் மேனேஜர்.
பொரியைக் கொறித்தபடி
ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டோம்.

பிலோமினா எழுந்தாள்.
மைக்கை வாங்கியதும் அது கீச்சென்று அலறியது.
பால் கொதிக்கும் பாத்திரத்தைப் போல
கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"ரெண்டாவது மாடி பாத்ரூம்ல
பதினேழு நாளா தண்ணி வரல."

அவ்வளவுதான்.
மைக் செட்காரர் எக்கோவை நிறுத்த மறந்திருந்தார்.
தண்ணி வரல என்றது ஸ்பீக்கர்,
வரல என்றது,
ரல என்றது.
தங்கதுரை வாசலில் கட்டிய வாழைமரத்தை
முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார்.
பிலோமினா வந்து உட்கார்ந்து
பொரிப் பொட்டலத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

யாரும் கைதட்டவில்லை.
தட்டியிருக்கலாம். நானாவது.

லீவு முடிந்து வந்த அன்று பதினோரு மணிக்கு
குழாய் இரண்டு முறை இருமியது.
துரு நிறத்தில் வந்தது,
அப்புறம் டீ நிறத்தில்,
அப்புறம் தண்ணீராகவே.

குரூப்பில் யாரோ அவளை அனுப்பியிருந்தார்கள்.
ஒருத்தியைத்தான்.
திட்டா, ஐஸா, பாட்டா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
என் போனில் வழக்கம்போல
பெண் அங்கே, மைக் இங்கே.
நடுவில் இருந்த இடத்தை
கழுவிய கையோடு தொட்டேன்.

ஈர விரல். திரை எங்கெங்கோ தாவி
கால் போய்விட்டது அவளுக்கே.

"என்னடி?" என்றாள் பிலோமினா.
"மெஷின் ஓடுது.
சத்தமாப் பேசு."